பெயரும் இலச்சினையும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது சங்கம் இவ்வாண்டு முதல் இளம் ஆசிரியர்களுக்கு ஓராண்டுப் பயிற்சி அளிக்க முடிவு செய்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். அதற்கு ஒரு பெயரும் இலச்சினையும் வகுத்துத் தருமாறு நிர்வாகக் கமிட்டியார் எம்மைப் பணித்தனர். வணிகர் 'பிராண்டு' என வழங்குவதும் ஏறக்குறைய இதுவே. எளிய வேலையென்று எண்ணி ஏற்றுக்கொண்டோம். புகுந்த பின்னரே அதன் கடுமை விளங்கிற்று.

பெயர் என்பது ஒரு வாக்குறுதி. இருபது ஆண்டுகட்கு முன், ஆசிரியப் பணியிற் சேர்ந்த புதிதில், யாம் ஒரு பயிற்சிக்குச் சென்றிருந்தோம். பையிலும் குறிப்பேட்டிலும் சான்றிதழிலும் பொன்னிற முத்திரை மின்னிற்று. பத்து நாட்களில் ஒரு நாளேனும் பிள்ளைகள் முன் நின்று பாடம் நடத்துமாறு எம்மை எவரும் கேட்டிலர். அம்முத்திரை இன்றும் நினைவிலிருக்கிறது. அங்குக் கற்றது யாதென வினவினால் எம்மிடம் விடையில்லை. நமது பயிற்சிக்கு அக்கதி நேரலாகாது. ஆதலின், செயலை முதலில் வரையறுத்துப் பின்னரே பெயரைத் தேடுதல் முறையாகும்.

இலச்சினைக்கு நல்லதோர் உதாரணம் கூறுவோம். 1961-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுவின் இலச்சினையில் மூன்று அன்னங்கள் ஒன்றோடொன்று பின்னி நிற்கின்றன. ஆராய்ச்சி, பயிற்சி, விரிவாக்கம் என்னும் மூன்று பணிகளை அவை குறிக்கும். கருநாடகத்து ராய்ச்சூர் மாவட்டத்தில், மஸ்கி என்னும் ஊரருகே அகழ்ந்தெடுத்த அசோகர் காலத்துப் பொருளொன்றைத் தழுவியது அவ்வுரு. பணிக்கு ஓர் அன்னம், அலங்காரத்திற்கென ஒன்றுமில்லை.

பெயரைப் பற்றியோவெனில், ஆங்கில முதலெழுத்துக்களைக் கூட்டி அமைக்கலாமென்றனர் சிலர். மத்திய அரசு 2019-இல் தொடங்கிய ஆசிரியர் பயிற்சிக்கு இட்ட 'நிஷ்டா' என்னும் பெயர் அத்தகையது. கூட்டினால் வடசொல், விரித்தால் நீண்ட ஆங்கிலத் தொடர். சாதுரியமான அமைப்புத்தான், ஆயினும் நம்மில் எத்தனை பேர் அதனை விரித்துரைக்க வல்லோம்? 2022-இல் தமிழக அரசு இளஞ்சிறார்களின் அடிப்படைக் கல்விக்கென வகுத்த திட்டமோ 'எண்ணும் எழுத்தும்' எனப் பெயர் பெற்றது. ஔவையாரின் கொன்றை வேந்தனில் வரும் தொடர் அது. கற்பிக்க வேண்டியது எதுவோ, அதுவே பெயர். அதற்கு உரையாசிரியர் வேண்டா.

இனி, தயங்கியேனும் சொல்லியே தீர வேண்டிய ஒன்று. பயிற்சிக்கு நம் சமூகத்தின் பெயரையே சூட்ட வேண்டுமெனப் பெரியோர் சிலர் விரும்புகின்றனர். சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து இச்சங்கத்தை வளர்த்தவர்கள் அவர்கள், அவ்விருப்பம் இயல்பே. ஆயினும், 2023-இல் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் பள்ளித் தோழராலேயே வெட்டுண்டதை மறத்தல் கூடுமோ? அதன்பின் அமைந்த நீதியரசர் கே. சந்துரு குழு, பள்ளிப் பெயர்களினின்றும் சாதிப் பெயர் நீங்க வேண்டுமென 2024 சூன் மாதம் அரசுக்குப் பரிந்துரைத்தது.

நம்மிடம் பயிலும் ஆசிரியர் நாளை எல்லாச் சமூகத்துப் பிள்ளைகள் முன்னும் நிற்பார். அவர் அணியும் வில்லை நம் பெயரைத் தாங்குமாயின், கடைசி வரிசைக் குழந்தை பாடத்தைக் கேட்குமுன் அதனைப் படிக்கும். 'இவர் எனக்குரிய ஆசிரியர் அல்லர்' என்று அக்குழந்தை எண்ணிவிட்டால், ஓராண்டு உழைப்பும் பாழன்றோ?

ஆதலின் யாம் முன்மொழிவது இது. பயிற்சியின் பெயர் 'கற்றுக் கற்பி' என்றிருக்கட்டும். இலச்சினை ஒரு கரும்பலகை, அதில் அகரம், அதனை எழுதும் பெரிய கையொன்று, உடன் பற்றிய சிறு கையொன்று. சுண்ணக்கட்டியால் எவரும் வரையத்தக்க எளிமை அதற்கு வேண்டும். பயில்வோர் வாரந்தோறும் இரண்டு நாள் பள்ளியிற் பாடம் நடத்த, மூத்த ஆசிரியர் ஒருவர் உடனிருந்து திருத்த வேண்டும். வில்லையை முதல் நாளே வழங்குதல் வேண்டா. ஓராண்டு முடித்தவரே அதனை அணியட்டும். சங்கத்தின் பெயர் கணக்குப் புத்தகத்திலும் ரசீதிலும் இருந்தாற் போதும்.

சபையோர் இதனை ஆராய்ந்து முடிவு செய்வீர்களாக.