காயாவின் நிறம்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ரொறன்ரோவில் இப்போது காலை 10 மணி. சிட்னி நண்பர்கள் நடுநிசியில் விழித்திருக்கிறார்கள். அதனால் சுருக்கமாகவே பேசுகிறேன்.

‘கொடுங்கடல்’ என்ற என் மிகைபுனைவு நாவல் வரிசையின் மூன்று நூல்களுக்குமான அட்டைகளை இன்று திரையில் காட்டப்போகிறேன். முதலிரண்டு நூல்கள் ஏற்கெனவே வெளிவந்தவை. வந்த நூலுக்கு எதற்குப் புது அட்டை என்று பலர் கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் படத்தைக் காட்ட வேண்டும். ஏனென்றால் பிழை என்னுடையது.

நாயகியின் பெயர் காயா. காயாம்பூவின் கருநீலத்தை நினைத்து வைத்த பெயர். முத்துக்குளிக்கும் குடியில் பிறந்தவள். நல்ல கறுப்பி என்று முதல் அத்தியாயத்திலேயே எழுதியிருக்கிறேன். நூலை நானே பதிப்பித்தேன். பிழைதிருத்தம், பக்க வடிவமைப்பு என்று பணம் கரைந்து, அட்டைக்கு வந்தபோது கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. இணையத்தில் ஆயத்த அட்டைகள் விற்கிறார்கள். தலைப்பையும் பெயரையும் மாற்றிக்கொண்டால் போதும். கடல், வாள், கூந்தல் பறக்க ஒரு பெண். பால் வெள்ளை. கற்பனை உலகம்தானே, யார் கவனிக்கப்போகிறார்கள் என்று வாங்கிவிட்டேன். இரண்டாம் நூலுக்கும் அதே பெண்தான்.

அந்த அட்டை முதலில் வந்தபோது நான் பிழை பிடிக்காமல் இல்லை. வடிவமைத்தவருக்குத் தமிழ் தெரியாது. மென்பொருளில் தமிழுக்கான அமைப்பைத் தெரிவு செய்யாததால், தலைப்பின் ‘கொ’வில் கொம்பும் காலும் ககரத்தை விட்டுப் பிரிந்து, இடையில் ஒரு புள்ளி வட்டம் முளைத்திருந்தது. அதற்காக நான்கு மின்னஞ்சல் எழுதிச் சண்டை பிடித்தேன். நிறத்துக்காக ஒரு வரிகூட எழுதவில்லை.

கடந்த கோடையில் ஒரு நூலக நிகழ்வு. நண்பரின் மகளுக்குப் பன்னிரண்டு வயது. தாயார் வாசிக்க வாசிக்கக் கேட்டு இரண்டு நூல்களையும் முடித்தவள். என்னிடம் வந்து கேட்டாள்: “மாமா, அட்டையில இருக்கிறது வெண்பவள அரசிதானே? காயாவை ஏன் போடேல்லை?”

வெண்பவள அரசி என் கதையின் வில்லி. அந்தப் பிள்ளையின் நிறமோ காயாவின் நிறம். “அடுத்த புத்தகத்தில வருவா, பிள்ளை” என்று மழுப்பிவிட்டு வந்தேன்.

உர்சுலா லெ குவின் 1968இல் ‘எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ’ எழுதியபோது நாயகன் கெட்டைச் செம்பழுப்பு நிறத்தவனாகப் படைத்தார். ரூத் ராபின்ஸ் வரைந்த முதல் பதிப்பின் அட்டையில் அந்த நிறம் இருந்தது. பின்னர் வந்த பல அட்டைகளில் அவன் வெள்ளையனாகிவிட்டான். 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடரிலும் அப்படியே. லெ குவின் அதை வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். அவராவது பதிப்பாளர்களோடு போராட வேண்டியிருந்தது. என் நூலுக்கு நானே பதிப்பாளர். நான் யாரோடு போராடுவது?

படத்தின் பலம் நமக்குத் தெரியாததல்ல. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்தபோது மணியம் வரைந்தார். அந்தப் படங்களோடு வாசித்தவர்களுக்கு வந்தியத்தேவன் என்றால் அந்த முகம்தான். எழுதியவனின் வரியைவிட வரைந்தவரின் கோடு ஆழமாகப் பதிந்துவிடும்.

இம்முறை ஓவியர் ஒருவரிடம் முதல் அத்தியாயத்தைக் கொடுத்து வரையக் கேட்டேன். முதல் வரைவில் காயா சற்று வெளுத்தே வந்தாள். இணையக் கடைகளில் அட்டை கட்டைவிரல் நகமளவுதான் தெரியும், இரவுக் கடலுக்கு முன்னால் கறுத்த முகம் மறைந்துவிடும் என்றார். நியாயமான கவலை. இரண்டு நாள் யோசித்தோம். முகத்தை வெளுப்பாக்குவதற்குப் பதிலாக இரவை விடியலாக்கினோம். மஞ்சள் வானத்துக்கு முன்னால் அவள் இப்போது எட்ட நின்றே தெரிகிறாள்.

இன்னொரு சங்கதி. மூன்று நூல்களையும் அடுக்கினால் முதுகுகளில் ஓர் அலை தொடர்ந்து ஓடும். முதுகின் அகலம் பக்க எண்ணிக்கையைப் பொறுத்தது. நான் அச்சிடும் தாளில் 400 பக்கம் ஏறத்தாழ ஓர் அங்குலம். ஆகவே மூன்றாம் நூலில் இனிப் பக்கம் கூடவும் முடியாது, குறையவும் முடியாது. எழுதி முடித்துவிட்டேன் என்பதற்கு அதுவே சாட்சி.

மின்னூல் வைத்திருப்போருக்குப் புதிய அட்டையை அனுப்ப வழி உண்டு. அச்சு நூல் வாங்கியவர்களிடம் போனவை போனவைதான். விற்காத 37 பிரதிகள் என் வீட்டு நிலவறையில் கிடக்கின்றன. அவற்றை இனி விற்க மாட்டேன்.

அந்தப் பிள்ளை இன்று தாயாரோடு நேரலையில் இருக்கிறாள். அவளுக்கும் முன்கூட்டிக் காட்டவில்லை.

பகிர்கிறேன். திரை தெரிகிறதா?

பிள்ளை, இவள்தான் காயா.