கள்ளக்கடலும் நம்ம வானொலியும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நான் கடியப்பட்டணத்துக்காரன். அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய ஊர் என்பதால் மைக் இருந்தாலும் குரல் கொஞ்சம் உயரத்தான் செய்யும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, பி.எஃப்.494 டிரான்சிஸ்டர் ஒன்றை வைத்து ஒரு சின்ன எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் செய்தேன். விடுமுறைக்கு ஊருக்குக் கொண்டுபோய் மாடியில் வைத்தேன். தெருக்கோடி வரை கேட்டது. (லைசன்ஸ் இல்லாமல் அப்படிச் செய்வது குற்றம். அது தெரிந்தபின் செய்யவில்லை. மாணவர்கள் குறித்துக்கொள்ளவும்.) பாட்டா கையில் ரேடியோவைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, மாடியிலிருந்து இரண்டு சினிமாப் பாட்டைப் போட்டேன். கீழே இறங்கி வந்து, "எப்படி இருக்கு பாட்டா?" என்றேன்.

"இதத்தான் நாகர்கோயில்காரன் விடியக்காலம் முதல் போடுகானே மக்ளே. கடலப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டியா?" என்றார்.

நாகர்கோயில்காரன் என்று அவர் சொன்னது அகில இந்திய வானொலியின் நாகர்கோவில் நிலையத்தை. 1984-இல் தொடங்கிய அதுதான் இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம். நமக்கெல்லாம் அதில் ஒரு பெருமை உண்டு. ஆனால் அது மாவட்டம் முழுவதற்குமான நிலையம். ரப்பர் தோட்டம், வயல், கடற்கரை எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பேச வேண்டியது. பாட்டா கேட்டது வேறே.

பாட்டாவுக்குக் கணியம் தெரியும். கடலில் நின்றுகொண்டு கோயில் கோபுரத்தைத் தூரத்து மலை முகடு ஒன்றோடு சேர்த்துப் பார்ப்பார். முட்டம் விளக்கை இன்னொரு அடையாளத்தோடு சேர்த்துப் பார்ப்பார். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் தண்ணீருக்கடியில் பார் இருக்கும், மீன் இருக்கும். சர்வே வகுப்பில் நான் தூக்கத்தோடு படித்த கணக்கை, பள்ளிக்கூடம் பார்க்காத மனிதர் கட்டுமரத்தில் நின்று போட்டிருக்கிறார். நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது, எந்தக் காற்றுக்கு எந்த மீன் வரும் என்பதெல்லாம் அவர் வாயில்தான் இருந்தது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு நிமிடம்கூட அவர் குரலைப் பதிவு செய்து வைக்கவில்லை. மின்னணுவியல் படித்த பேரன், செல்போனும் கையில் இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் நம் கரையை ஒட்டிப் போனபோது நான் பெங்களூரில் இருந்தேன். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று போனில் கேட்டுக்கொண்டே கழிந்த நாட்கள் அவை. ஒரு வானொலி இருந்திருந்தால் எல்லோரையும் காப்பாற்றியிருக்கலாம் என்று சொல்ல வரவில்லை. அது பொய். சமுதாய வானொலிக்கு அரசு பொதுவாக அனுமதிப்பது 100 வாட் ஆற்றல், அதிகபட்சம் 30 மீட்டர் உயர ஆண்டெனா. நல்ல முறையில் கேட்பது பத்துப் பதினைந்து கிலோமீட்டர். கடல்மேல் தடுப்பு இல்லாததால் கொஞ்சம் கூடலாம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிச் சுறா பிடிக்கப் போயிருந்த தூத்தூர் வட்டாரத்து விசைப்படகுகளுக்கு அது எட்டாது. அவர்களுக்குச் செயற்கைக்கோள் கருவிதான் வேண்டும். வானொலி உதவுவது இரவில் போய்க் காலையில் கரை திரும்பும் வள்ளங்களுக்கும், கரையில் காத்திருப்பவர்களுக்கும், கடலைத் தெரியாமல் கடற்கரைக்கு வருகிறவர்களுக்கும்.

இந்தக் கடைசிக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை வெளியாகியிருந்த நேரம் அது. இங்கே காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடியோரத்தில் வீசிய புயல் கிளப்பிய அலை நாட்கணக்கில் பயணம் செய்து, சொல்லாமல் கொள்ளாமல் கரையேறும். திருடன் மாதிரி வருவதால்தான் அந்தப் பெயர். கேரளக் கரையிலும் நம் கரையிலும் மீனவர் வாயில் வழங்கிய இந்தச் சொல்லை 2012-இல் யுனெஸ்கோ அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது. பாரிஸ் வரைக்கும் போய்ச் சேர்ந்த சொல், பத்து மைல் உள்ளே இருக்கிற எத்தனை வீடுகளுக்குப் போயிருக்கிறது? நம் வகுப்பறைக்கு வந்திருக்கிறதா?

மறுபக்கமும் உண்டு. "மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசக்கூடும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்று அடிக்கடி கேட்டு எங்கள் ஆட்களுக்குக் காது மரத்துப்போய்விட்டது. சோழக்காற்றா, வாடையா, கச்சானா, நீவாடு எப்படி என்று அவர்கள் கேட்கிறார்கள். பதில் சொல்லத் தெரிந்த ஆள் மைக்குக்கு முன்னால் இல்லை. தெரிந்த குரல் சொன்னால்தான் வள்ளத்தைத் தள்ளாமல் நிற்பார்கள். தெரிந்த குரலாக ஆவதற்குத் தினமும் பேச வேண்டும். கழியலாட்டமும் கரமடி இழுக்கிற பாட்டும் பாட்டிமார் கதையும் தினமும் வந்தால் ரேடியோ மூடாமல் இருக்கும். அப்போதுதான் எச்சரிக்கை வருகிற நாளிலும் அது திறந்திருக்கும்.

நடக்கிற காரியமா என்று கேட்கலாம். ராமேசுவரம் தீவில், பாம்பனில், மீனவர்களுக்காகவே 'கடல் ஓசை 90.4' என்ற சமுதாய வானொலி 2016 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. அங்கே பேசுகிறவர்களில் பலர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். பருவநிலை மாறுவதைப் பற்றி 'சமுத்திரம் பழகு' என்று ஒரு நிகழ்ச்சியே நடத்தினார்கள். கல்லூரிகளுக்கு வழி திறந்தது 2002-இல். அண்ணா பல்கலைக்கழகம் 2004-இல் முதலில் தொடங்கியது. தொண்டு நிறுவனங்களுக்கு 2006-இல் அனுமதி வந்தது. வானலை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1995-இல். ஆக, நமக்குத் தடை சட்டத்தில் இல்லை.

வாட்ஸ்அப் இருக்கும்போது ரேடியோ எதற்கு என்று நேற்று ஒரு நண்பர் கேட்டார். வலை பின்னுகிறவருக்கும் நெத்திலி காயப்போடுகிறவருக்கும் கை காலியாக இல்லை, காதுதான் காலியாக இருக்கிறது என்றேன்.

எனக்கு ஒரு பயம் உண்டு. கல்லூரி வானொலி என்றால் தேர்வுக் குறிப்பும் சினிமாப் பாட்டுமாக முடிந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். நான் செய்ததும் அதைத்தானே? விதிப்படியே பாதி நிகழ்ச்சியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்றுச் செய்ததாக, அவர்கள் பேச்சிலேயே இருக்க வேண்டும். அந்தப் பேச்சை நாம் மதிக்க வேண்டுமே! ஹாஸ்டலில் என் கடற்கரைப் பேச்சைக் கேலி செய்தவர்கள் இரண்டு பேர் முன்வரிசையில் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். நிலையம் வந்தால் முதல் ஒரு மாதம் செய்தி வாசிக்காமல் அவர்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கட்டும். சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்க எப்படியும் அனுமதி கிடையாது. அகில இந்திய வானொலிச் செய்தியைத்தான் போட முடியும்.

நிர்வாகம் விண்ணப்பத்தை ஆலோசிப்பதாகச் சொல்லியிருக்கிறது. அது வருகிறபோது வரட்டும். பதிவு செய்ய லைசன்ஸ் வேண்டாம். இரண்டு ரெக்கார்டர் வாங்கிச் சங்க அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். பாட்டாவின் கூட்டாளி ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர், கணியம் முழுவதும் நினைவிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரையில் கடலுக்குப் போக மாட்டார்கள். பூசை முடிந்து வந்து திண்ணையில் இருப்பார். வருகிற ஞாயிறு காலை போகிறேன். வண்டியில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது. மாணவர்கள் யாராவது வருவதானால் இந்தக் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.