மெத்தைக்கு அடியில் ஒரு பலகை

முதுகு வலிக்கிறது என்று வீட்டில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் போதும். மெத்தையைச் சுருட்டி ஓரமாக வை, பாயை விரித்துத் தரையில் படு என்று நாலு பக்கமிருந்தும் யோசனை வந்துவிடும். கட்டிலை விட மனமில்லாதவருக்கு மெத்தையின் அடியில் பலகை போடச் சொல்வார்கள். சொல்பவர்கள் அதைப் பாட்டி காலத்து அனுபவம் என்று நினைக்கிறார்கள். மருத்துவர்களும் வெகுகாலம் இதையேதான் சொல்லி வந்தார்கள். அமெரிக்காவில் எலும்பு மருத்துவர்களிடம் கேட்டு 1996இல் வெளியிட்ட ஒரு கருத்துக் கணிப்பில், நான்கில் மூன்று பேர் கெட்டி மெத்தையைத்தான் பரிந்துரைத்தார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து ஸ்பெயினில் நடந்த ஒரு சோதனை வெளியானது. அதன் முடிவு வேறு மாதிரி வந்தது.

கெட்டியாகப் படு என்ற இந்த யோசனை எங்கிருந்து வந்தது, எப்படி வளர்ந்தது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மருந்து எழுதப்பட்டது தொய்ந்து போன கட்டிலுக்கு. கட்டில் மாறிவிட்டது, மருந்துச் சீட்டு மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

படுக்கையின் கதை மிகப் பழையது. தென்னாப்பிரிக்காவில் சிபுடு என்ற பாறைக் குடைவில், 77,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் கோரைப்புல்லைப் பரப்பி, அதன் மேல் ஒரு மரத்தின் இலைகளைப் போட்டுப் படுத்த தடயம் கிடைத்தது. பூச்சியை விரட்டும் தன்மை உள்ள இலை அது. பிற்பாடு வந்தவர்கள் படுக்கை அழுக்கானதும் எரித்துவிட்டு, அதே இடத்தில் புதிதாக விரித்திருக்கிறார்கள். அதே நாட்டின் பார்டர் குகையில் கிடைத்த புல் படுக்கை இன்னும் பழசு, சுமார் இரண்டு லட்சம் ஆண்டு. அங்கே புல்லுக்கு அடியில் சாம்பல் இருந்தது. ஆக, ஆதி மனிதன் வெறும் தரையில் கிடந்தான் என்று நினைப்பது தப்பு. கைக்கு எட்டிய மெத்தையைச் செய்துகொண்டுதான் படுத்திருக்கிறான்.

எகிப்து, ரோம் எல்லாவற்றையும் தாண்டி நேராக ஐரோப்பியக் கயிற்றுக் கட்டிலுக்கு வருகிறேன். நம் கதை அங்கேதான் சூடு பிடிக்கிறது. மரச்சட்டத்தில் துளையிட்டுக் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டுவார்கள். அதன் மேல் வைக்கோல் அடைத்த பை. வசதி உள்ளவர்கள் அதற்கும் மேல் இறகு மெத்தை ஒன்று போடுவார்கள். கயிறு நாளாக நாளாக இளகும். நடுவில் பள்ளம் விழும். இரண்டு பேர் படுத்தால் இருவரும் நடுப்பள்ளத்தில் வந்து சேர்வார்கள். கயிற்றை முறுக்கி இறுக்க மரத்தால் செய்த சாவி ஒன்றை வீட்டிலேயே வைத்திருப்பார்கள். நம் ஊர்க் கயிற்றுக் கட்டிலிலும் கால்மாட்டில் தனியாக ஓடும் கயிறு இருக்கிறதே, தொய்வு விழுந்தால் இழுத்துக் கட்ட, அதே வேலைதான்.

19ஆம் நூற்றாண்டில் கயிறு போய் இரும்பு வந்தது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து கெனோஷா நகரில் சல்மன் சிம்மன்ஸ் என்பவர் 1870களில் கம்பி வலைப் படுக்கைத் தளங்களைத் தொழிற்சாலையில் செய்யத் தொடங்கினார். கம்பி வலைக்குக் கயிற்றைவிட ஆயுள் அதிகம், ஆனால் அதுவும் தொங்கத்தான் செய்யும். பழைய அரசு மருத்துவமனைக் கட்டிலில் படுத்தவர்களுக்கு அந்தத் தொய்வை விளக்க வேண்டியதில்லை. 1900இல் கனடாவில் ஜேம்ஸ் மார்ஷல் ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் தனித்தனித் துணிப்பைக்குள் வைத்துத் தைத்த மெத்தைக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு ஸ்பிரிங் அமுங்கினால் பக்கத்தில் உள்ளது அமுங்காது. அருமையான யோசனைதான். கையால் தைக்க வேண்டியிருந்ததால் விலை எட்டவில்லை. சிம்மன்ஸ் நிறுவனம் இயந்திரத்தில் அதைச் செய்து, 1925இல் பியூட்டிரெஸ்ட் என்ற பெயரில் விற்ற பிறகுதான் அது பரவியது.

இப்போது மருத்துவமனைப் பக்கம் போவோம்.

லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹில்டன், வலிக்கு இயற்கை தரும் மருந்து ஓய்வு என்று தொடர் சொற்பொழிவுகள் செய்தார். 1863இல் அவை நூலாக வந்தன. லிவர்பூலில் ஹியூ ஓவன் தாமஸ் அதை இன்னும் கறாராகப் பிடித்துக்கொண்டார். மூட்டோ எலும்போ கெட்டால், இடைவிடாத, நீண்ட, கட்டாய ஓய்வு என்பது அவர் வழி. எலும்புக் காசநோய் மலிந்திருந்த, அதற்கு மாத்திரை இல்லாத காலம் அது. அசையாமல் கிடப்பதில் அன்று ஒரு நியாயம் இருந்தது. அந்த நியாயம் சாதாரண இடுப்பு வலிக்கும் பொருந்துமா என்று யாரும் நின்று கேட்கவில்லை.

1934இல் பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள், முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதால்தான் காலுக்கு இறங்கும் வலி வருகிறது என்று காட்டினார்கள். வலிக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது. 1960களில் ஸ்வீடனில் ஆல்ஃப் நாக்கெம்சன் உயிரோடிருப்பவர்களின் டிஸ்க்குக்குள் ஊசி வைத்து அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது இருப்பதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் மல்லாந்து படுக்கும்போது. அப்படியானால் படுப்பதே வைத்தியம் என்று முடிவு கட்டுவது எவ்வளவு எளிது, பாருங்கள். வாரக்கணக்கில் படுக்க வைத்தார்கள். வாரக்கணக்கில் படுப்பவர் தொய்ந்த கம்பி வலையில் கிடந்தால் இடுப்பு கீழே இறங்கி, முதுகு வில்லாக வளையும். அதனால்தான் மெத்தைக்கும் கம்பி வலைக்கும் நடுவே ஒட்டுப்பலகை. அந்த இடத்தில் அது சரியான வைத்தியம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அமெரிக்க அதிபர் கென்னடிக்கு முதுகில் பல அறுவைச் சிகிச்சைகள் நடந்திருந்தன. அவரும் மெத்தைக்கு அடியில் பலகை வைத்துத்தான் படுத்தார். பலகைக்கு வெள்ளை மாளிகைச் சான்றிதழே கிடைத்த மாதிரி.

பலகையின் வேலையைத் தானே செய்யும் மெத்தை இருந்தால் விற்குமே என்று தொழில் கணக்குப் போட்டது. டெக்சஸில் 1881இல் சீலி என்ற சிற்றூரில் பஞ்சு மெத்தையாகத் தொடங்கிய பெயர்தான் சீலி. அந்த நிறுவனம் 1950இல் போஸ்சர்பெடிக் மெத்தையை இறக்கியது. எலும்பு மருத்துவர்களின் ஆலோசனையோடு செய்தது, மெத்தை மிருதுவாக இருப்பதால் வரும் காலை முதுகு வலி இதில் வராது என்ற தொனியில் பல ஆண்டு விளம்பரம் ஓடியது. மருத்துவர் சொன்னதை விளம்பரம் சொன்னது. விளம்பரத்தில் கேட்டதை நோயாளி மருத்துவரிடம் கேட்டார். அவரும் தலையாட்டினார். இன்று நம் கடைத்தெருவில் ‘ஆர்த்தோ’ என்று அச்சடித்த உறைகளைப் பார்க்கிறோமே, அவை இந்த வம்சத்தில் வந்தவை. அந்த எழுத்தைப் பார்த்து மட்டும் பணம் கொடுக்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை அங்குலம், அடர்த்தி என்ன என்று கேளுங்கள்.

நம் பக்கம் மெத்தை என்றால் இலவம்பஞ்சுதான். போடி, தேனி வட்டாரம் அதற்குப் பெயர் போனது. இலவம்பஞ்சுக்கு ஒரு குணம் உண்டு: புதிதில் உப்பலாக இருக்கும், படுக்கப் படுக்க அமுங்கி, உடம்பு படும் இடத்தில் பள்ளமாகி, ஓரத்தில் கட்டி கட்டியாகத் திரளும். வெயிலில் போட்டால் கொஞ்சம் எழும்பும். பிறகு உறையைப் பிரித்து, பஞ்சை அடித்து, மறுபடி அடைக்க வேண்டும். தெருவில் வில்லோடு வரும் பஞ்சடிப்பவர் இன்று அரிது. அடிக்காத பழைய பஞ்சு மெத்தையில் படுத்து எழுந்தவருக்குத் தரைப் பாய் சொர்க்கமாகத்தான் இருந்திருக்கும். பாட்டி சொன்னது பொய்யல்ல. பள்ளம் விழுந்த மெத்தையோடு ஒப்பிட்டுத்தான் அவர் சொன்னார்.

அடுத்து வந்தது காயர் மெத்தை. சுருள வைத்த தேங்காய் நாரில் ரப்பர் பாலைத் தெளித்து, அழுத்தி, சூட்டில் இறுக்கிய பலகைதான் அது. 1962இல் கர்நாடகத்தில் தொடங்கிய குர்லான், அந்த மெத்தையின் பெயராகவே பல வீடுகளில் ஆகிவிட்டது. காயர் இயல்பிலேயே கெட்டி. கெட்டியே நல்லது என்ற நம்பிக்கையும் கெட்டியான சரக்கும் ஒன்றாக வந்து சேர்ந்ததால், இங்கே யாரும் மறுகேள்வி கேட்கவில்லை.

மென்மையின் பக்கமும் ஒரு வரலாறு இருக்கிறது, கொஞ்சம் வேடிக்கையானது. 1833இல் நீல் ஆர்னட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், படுக்கைப் புண்ணால் வதைபட்ட நோயாளிக்காக, தண்ணீர்த் தொட்டியின் மேல் ரப்பர் பூசிய துணியை விரித்துத் தண்ணீர்ப் படுக்கை செய்தார். 1968இல் சான் பிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஹால் என்ற மாணவர், சொகுசு நாற்காலி செய்யப் போய், மாவுக் கூழ், ஜெல்லி எல்லாம் அடைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தண்ணீர்ப் படுக்கையில் வந்து நின்றார். இங்கிலாந்தில் டன்லப் நிறுவனத்தின் ஈ. ஏ. மர்ஃபி 1929இல் ரப்பர் பாலை நுரையாக அடித்து இறுக்கினார். நம் பெரியவர்கள் எந்த நுரை மெத்தையையும் டன்லப் மெத்தை என்று சொன்னது அதனால்தான். மெமரி ஃபோமை விண்வெளிக்குப் போய் வந்த மெத்தை என்று விற்பார்கள். நாசாவுக்காக 1966இல் சார்லஸ் யோஸ்ட் அதை உருவாக்கியது உண்மை. விமான இருக்கையில் அதிர்ச்சியைத் தாங்கவும் சொகுசாக உட்காரவும் செய்த பஞ்சணை அது. அதை மெத்தையாக்கி 1991இல் சந்தைக்குக் கொண்டுவந்தது ஸ்வீடன் நிறுவனம் ஒன்று.

இதற்கிடையே படுக்கை வைத்தியத்தின் அடித்தளமே ஆடத் தொடங்கியிருந்தது. 1947இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கில மருத்துவர், நோயாளியைச் சும்மா படுக்க வைப்பதால் வரும் கேடுகளை அடுக்கி ஒரு கட்டுரை எழுதினார். முதுகு வலிக்குப் படுக்கை வைத்தியம் அதன் பிறகும் தொடர்ந்தது. 1986இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் டேயோ குழு, இடுப்பு வலிக்காரர்கள் 203 பேரில் சிலருக்கு இரண்டு நாள், சிலருக்கு ஏழு நாள் ஓய்வு என்று எழுதிக் கொடுத்துப் பார்த்தது. வலியில் வித்தியாசம் இல்லை, இரண்டு நாள்காரர்கள் சீக்கிரம் வேலைக்குத் திரும்பினார்கள், அவ்வளவுதான். 1995இல் ஹெல்சிங்கியில் இன்னும் நேரான சோதனை: ஒரு குழு படுக்கையில், ஒரு குழு உடற்பயிற்சியில், ஒரு குழு வலி தாங்கும் அளவுக்கு வழக்கமான வேலையில். விரைவில் தேறியது மூன்றாவது குழு. நூறாண்டு ஓய்வு வைத்தியம் அதோடு சரிந்தது.

பலகைக்கு ஆதாரமே அந்த நீண்ட படுக்கைதான். அது போன பிறகும் பலகை மட்டும் நின்றது. கெட்டிப் படுக்கையே நல்லது என்ற நம்பிக்கையைச் சோதித்தவர் ஸ்பெயினின் ஃபிரான்சிஸ்கோ கோவாக்ஸ். 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள, படுத்திருக்கும்போதும் எழும்போதும் வலிக்கிறது என்று சொன்ன 313 பேர். பாதிப் பேருக்குக் கெட்டி மெத்தை, பாதிப் பேருக்கு நடுத்தரக் கெட்டி. எது யாருக்குக் கிடைத்தது என்று படுத்தவருக்கும் தெரியாது, மதிப்பிட்டவருக்கும் தெரியாது. ஐரோப்பிய அளவுகோலில் 1 மிகக் கெட்டி, 10 மிக மிருது. கெட்டி மெத்தையின் எண் 2.3, நடுத்தரத்தின் எண் 5.6. தொண்ணூறு நாள் கழித்துப் பார்த்தால் இரு தரப்பும் முன்னேறியிருந்தது. படுக்கையில் இருக்கும்போதும் எழும்போதும் வலி, அன்றாட வேலையில் முடக்கம் இரண்டிலும் நடுத்தர மெத்தைக்காரர்களின் முன்னேற்றம் கூடுதல்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சோதனையில் மிக மிருதுவான மெத்தை போட்டியிலேயே இல்லை. ஆகவே இதை வைத்துக்கொண்டு பஞ்சு போல் அமுங்குவதைத் தேடிப் போகக்கூடாது. 2008இல் டென்மார்க்கில் தண்ணீர்ப் படுக்கை, ஃபோம், ஃபுட்டான் எனப்படும் கெட்டி மெத்தை மூன்றையும் 160 பேரிடம் ஒரு மாதம் சோதித்தார்கள். முதலிரண்டும் கொஞ்சம் மேல். வித்தியாசம் சிறியது, நடுவில் விலகியவர்களும் நிறைய. மெத்தையால் வலி தீரும் என்று சத்தியம் செய்யும் அளவுக்கு எந்தச் சோதனையும் தைரியம் கொடுக்கவில்லை.

அப்படியானால் கடையில் என்ன பார்ப்பது? 5.6 என்ற எண்ணை நம் கடைகளில் யாரும் உறையில் ஒட்டி நான் பார்த்ததில்லை. ஒட்டினாலும் பாதிதான் பயன். 50 கிலோ ஆளுக்குக் கெட்டியாக இருப்பது 90 கிலோ ஆளுக்கு நடுத்தரமாகிவிடும். கணவனும் மனைவியும் ஒரே மெத்தையில் ஒத்துப்போகாததற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் செருப்பைக் கழற்றிவிட்டு, கூச்சப்படாமல், நீங்கள் வழக்கமாகத் தூங்கும் வாக்கில் பத்துப் பதினைந்து நிமிடம் படுத்துப் பாருங்கள். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளும் இடுப்பும் கொஞ்சம் உள்ளே இறங்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகெலும்பு கோணும். மல்லாந்து படுப்பவர் இடுப்பின் பின்வளைவில் கையை நுழைத்துப் பார்க்கலாம். தாராளமாகப் போய் வந்தால் மெத்தை அளவுக்கு மீறிக் கெட்டி. கை நுழையவே இல்லாமல் இடுப்பு அமிழ்ந்திருந்தால் மிருது. வீட்டில் வைத்துச் சில வாரம் பார்த்துத் திருப்பித் தரும் வசதி உண்டா என்பதை, தள்ளுபடியைக் கேட்பதற்கு முன் கேளுங்கள்.

புதிது வாங்கக் காசில்லை என்றால் பழைய மெத்தையைக் கட்டிலிலிருந்து எடுத்துத் தரையில் போட்டுச் சில நாள் படுத்துப் பாருங்கள். வலி குறைந்தால் குற்றவாளி கட்டில். அங்கே பலகை இன்றும் வேலை செய்யும். குறையாமல், மெத்தையின் நடுப்பள்ளம் கண்ணுக்கே தெரிந்தால் மெத்தைக்குத்தான் விடை கொடுக்க வேண்டும். தரையே சுகமாக இருக்கிறது என்பவர்கள் படுத்துக்கொள்ளலாம், தடையில்லை. முழங்கால் வலி உள்ள பெரியவர்களைத் தரையில் படுக்கச் சொல்லாதீர்கள். எழுந்திருப்பதே அவர்களுக்கு இன்னொரு வலி.

கால் மரத்துப் போவது, பலம் குறைவது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு தவறுவது, காய்ச்சலோடு வலி, காரணமில்லாமல் உடல் மெலிவது, எப்படிப் படுத்தாலும் இரவில் எழுப்பிவிடும் வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் மெத்தைக் கடை பக்கம் போக வேண்டாம், நேராக மருத்துவரிடம் போங்கள். கட்டுப்பாடு தவறினால் அன்றைக்கே போக வேண்டும்.