இளமரத்தில் உளி ஆழமாய்ப் பாயக் கூடாது
(தேக்காவில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இளமரத்தில் உளி ஆழமாய்ப் பாய்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அடிமரம் காயப்படும். மறுபட்டை மேடும் பள்ளமுமாய் வளரும். பிறகு அந்த இடத்தில் ஒழுங்காய்ச் சீவ முடியாது. தவறு செய்த பிள்ளையும் அப்படித்தான். கண்டிக்க வேண்டும், ஆனால் கண்டிப்பு ஆயுள் முழுதும் ஆறாத வடுவாகிவிடக் கூடாது.

மலாக்காவில் ரப்பர்த் தோட்டக் கிராணி ஒருவரின் மகனாய் 1923இல் பிறந்தவர் தேவன் நாயர். தொழிற்சங்கவாதி, விசாரணையின்றிச் சிறையில் கிடந்தவர். 1959இல் சிங்கப்பூர்ச் சிறைகளை ஆராயும் குழுவுக்கு அவர் தலைவரானார். உழைப்பு மனிதனைத் திருத்தும் என்னும் நம்பிக்கையில், இரகசியக் கும்பல்காரர்கள் என்று தடுத்து வைக்கப்பட்டவர்களை 1960இல் புலாவ் செனாங் தீவுக்கு அனுப்பினார்கள். அவர்கள் காடு வெட்டினார்கள், சாலை போட்டார்கள், குடியிருப்புக் கட்டினார்கள்.

ஆனால் 1963 ஜூலை 12ஆம் நாள் அத்தீவு தீக்கிரையாயிற்று. கண்காணிப்பாளர் டேனியல் டட்டனும் அதிகாரிகள் சிலரும் கொல்லப்பட்டார்கள். 1965இல் 18 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். காரணம் பல சொல்லலாம். நாம் எடுத்துக்கொள்ளும் பாடம் ஒன்றே: கும்பல் விழுங்கிய பிறகு மீட்பது அரிது, விழுங்குமுன் கைபிடிக்க வேண்டும்.

கும்பல் எடுத்த எடுப்பில் கத்தியைக் கொடுப்பதில்லை. சாப்பாடு வாங்கிக் கொடுக்கிறது. ‘தம்பி’ என்று தோளில் கை போடுகிறது. நாம் கொடுக்கத் தவறியதைத்தான் அது கொடுக்கிறது!

இன்று வழி இல்லாமல் இல்லை. 1997 முதல் சிங்கப்பூரில் இளையர் வழிகாட்டுத் திட்டம் இருக்கிறது. சிறு குற்றத்தில் சிக்கிய பிள்ளை, வழக்குக்குப் பதிலாக ஏறத்தாழ ஆறு மாதம் ஆலோசனை பெற்று ஒழுங்காய் முடித்தால், எச்சரிக்கையோடு வெளியே வரலாம். இதே சிராங்கூன் சாலையையொட்டிய பீட்டி சாலையில் சிண்டா இருக்கிறது. 1991இல் தோன்றிய அச்சங்கத்திற்கு இந்தியத் தொழிலாளியின் மாதச் சம்பளத்திலிருந்து சிறு தொகை போகிறது. துணைப்பாட வகுப்பும் குடும்ப உதவியும் அதனால் நடக்கின்றன. அது தானமன்று, தோழர்களே. நம் உழைப்பின் பங்கு!

ஆனால் பணம் மட்டும் பிள்ளையை வளர்த்துவிடுமா? பள்ளியை விட்ட நாளுக்கும் முதல் சம்பள நாளுக்கும் நடுவே உள்ள காலம்தான் ஆபத்தானது. அந்தக் காலத்தில் “எங்கே போகிறாய், சாப்பிட்டாயா?” என்று கேட்க ஓர் ஆள் வேண்டும்.

ஆகவே நாம் மூன்று காரியம் செய்வோம். படிப்பை விட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும், வேலையில் நிலைக்கும்வரை துணை நிற்க, கிளையில் ஒருவர் பொறுப்பேற்கட்டும். போலீஸ் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால், மானம் போயிற்றென்று ஒளியாமல், தாய் தந்தையர் ஒரு நாள் கூலி போனாலும் உடன் செல்லட்டும். அந்தக் கூலியை ஈடுசெய்யக் கிளை உதவட்டும். தண்டனை முடித்துத் திரும்பியவனை ‘ஜெயிலுக்குப் போனவன்’ என்று அழைக்காமல், பெயர் சொல்லி அழைப்போம்.

ஊரார் பிள்ளையென்று ஒதுங்கினால், நாளை நம் பிள்ளைக்கும் யாரும் வரமாட்டார்கள். இன்றே தொடங்குவோம்.