நீருக்கு வழிவிட்டால் சாலை நிலைக்கும்

(ஊராட்சிப் பணியாளரும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



கிராமத்துக்குச் சாலை எதற்கு என்று இன்று எவரும் கேட்பதில்லை. ஏரல் பக்கத்து வாழைத்தார் சந்தையை அடைவதும், கடற்கரை உப்பளத்து உப்பு வெளியூர் செல்வதும், பிரசவ வேதனையுற்ற பெண் ஆஸ்பத்திரி சேர்வதும் சாலையால்தான். அச்சாலை வெள்ளத்தில் அறுபடாதிருக்க நாம் செய்யத்தக்கவை யாவை என்பது குறித்துச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டம் கண்ட மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. இம்மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட இது அதிகம். தாமிரபரணி கரைபுரண்டது, கோரம்பள்ளம் குளம் உடைந்தது. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயிலில் வந்த சுமார் 800 பயணிகள் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சிக்கிக்கொண்டனர். அப்பாலிருந்த இருப்புப் பாதையின் அடிமண்ணும் ஜல்லியும் அரித்துச் செல்லப்பட்டுத் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிற்று.

ஏரலில் நிகழ்ந்தது நமக்குப் பெரியதொரு பாடம். அங்கே ஆற்றின் குறுக்கே உயர்மட்டப் பாலம் இருக்கிறது. வெள்ளத்தில் பாலம் நின்றது. அதனைக் கரையோடு இணைத்த சாலை போயிற்று. இரு கரைக்கும் போக்குவரத்து அற்றது.

காரணம் யாது? பாலத்தின் தூண்கள் படுகையில் ஆழ ஊன்றப்பட்டவை. இணைப்புச் சாலையோ மண்ணைக் கொட்டி உயர்த்தப்படுவது. பாலத்தின் கண்களுக்குள் அடங்காத வெள்ளம் மேற்புறத்தில் தேங்கி உயர்கிறது; பிறகு வலுக்குறைந்த அம்மண்ணைக் கரைத்து வழி தேடுகிறது.

நம் நிலத்தின் இயல்பையும் நினைவிற்கொள்ள வேண்டும். முத்துக்குளித்துறையின் பண்டைத் துறைமுகமாகிய கொற்கை, இன்று கடலைவிட்டு உள்ளே தள்ளிக் கிடக்கிறது. தாமிரபரணி கொணர்ந்த வண்டலே துறைமுகத்தைத் தூர்த்தது. அவ்வண்டல் நிலத்தின் மீதுதான் நம் சாலைகள் பல செல்கின்றன. சரிவு குறைந்த இந்நிலத்தில் பெருவெள்ளம் ஆற்றுக்குள் அடங்காமல், பரந்து விரிந்தே புன்னைக்காயல் கடலை நோக்கிச் செல்லும்.

இனி வரும் மழை பழைய அளவுக்குள் நிற்கும் என்றும் எண்ணலாகாது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அது ஏறத்தாழ 7 சதவிகிதம் கூடுதலான நீராவியைத் தாங்கும் என்கிறது விஞ்ஞானம். கடலும் காற்றும் சூடேறி வருகின்றன. ஆகவே, மழை கொட்டும்போது முன்னிலும் வேகமாகக் கொட்டும். முன்னோர் கண்ட வெள்ளத்தை மட்டும் அளவாகக் கொண்டு அமைத்த மதகு போதாமற்போகும்.

“எங்கள் சாலையை உயர்த்தித் தாருங்கள்” என்பதே நாம் வழக்கமாக விடுக்கும் கோரிக்கை. கண்கள் இன்றி உயர்த்தப்பட்ட சாலை அணையாகி விடுகிறது. மேற்புறத்து ஊரையும் வயலையும் அது மூழ்கடிக்கும். இறுதியில் தானும் உடையும். ஓர் ஊரின் நன்மை மற்றோர் ஊரின் துன்பமாதல் தகுமா? உயரத்தைக் கேட்கும்முன் நீருக்கு வழியைக் கேளுங்கள்.

நாம் செய்யத்தக்கவை நான்கு.

முதலாவது, ஊர் எல்லையிலுள்ள பாலம், குழாய்ப்பாலம், மதகு ஒவ்வொன்றையும் எண்ணிப் பதிவேட்டில் குறித்தல். 2023 வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது, எவ்விடத்தில் சாலையைத் தாண்டிற்று என்பதை ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். இப்பதிவைக் கண்ட பொறியாளருக்கு எங்கே எத்தனை கண்கள் தேவை என்பது விளங்கும்.

இரண்டாவது, வடகிழக்குப் பருவமழைக்கு முன் மதகுகளிலுள்ள மண்ணையும், குளத்து மறுகால் ஓடைகளிலுள்ள சீமைக்கருவேலையும் அகற்றுதல். அடைபட்ட கண் இருந்தும் பயனில்லை.

மூன்றாவது, பாலத்தின் இரு தோள்களுக்கும் கற்கட்டு கேட்டல். சாலைச் சரிவில் புல்லும் வெட்டிவேரும் மண்ணைப் பிடித்து நிற்கும்.

நான்காவது, சிறு ஓடைகளில் உறுதியான தரைப்பாலத்தை இகழாதிருத்தல். வெள்ளம் மேலே சென்று வடிந்தபின் அது மீண்டும் பயன்படும். நீர் ஓடும்போது எவரும் கடவாதபடி அளவுக்கல் நட்டுக் காவல் வைத்தல் அவசியம்.

ஆகஸ்டு 15 கிராமசபையிலேயே இவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றினால் மழைக்கு முன் வேலை முடியும். அக்டோபர் 2 வரை காத்திருந்தால் மேகம் திரண்டு விடும்.

மழையைத் தடுக்க நம்மால் இயலாது. ஆனால், நம் ஊர் மதகைத் திறந்து வைப்பது நம் கையில் இருக்கிறது. அவ்வேலையை இவ்வாண்டே தொடங்குவோமாக!