வீடு வரையச் சொன்னால் மலை வரைகிறார்கள்

(சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



என்னைக் கட்டடக் கலைஞர் என்று அறிமுகப்படுத்தினார்கள். விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் பிள்ளைகளோடு உட்கார்ந்து அட்டை வெட்டுகிறவன் என்று சொல்லியிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

பாம்பன் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம், "உங்க வீட்டை வரைங்கப்பா" என்றேன். எல்லாத் தாளிலும் ஒரே வீடு. பின்னால் இரண்டு மலை, நடுவில் சூரியன். நம்ம ஜில்லாவில் மலை ஏதுங்க? ஒரு பையனைக் கேட்டேன். "எங்க வீடு ஓலை வீடு சார், அதைப் போயி வரையவா?" என்றான். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் அவன் தாத்தாவையே வகுப்புக்கு அழைத்து வந்தோம். பனங்கையை எப்படி நிறுத்துவது, ஓலையை எப்படி வரிசை பிடித்துக் கட்டுவது, கூரையை ஏன் தாழ இறக்குவது என்று செய்து காட்டினார். பிள்ளைகள் முழ உயரத்தில் இரண்டு குடிசை கட்டி மின்விசிறிக்கு முன்னால் வைத்தார்கள். கூரை உயர்ந்தது பறந்தது, தாழ்ந்தது நின்றது. "எங்க வீடு ஜெயிச்சிருச்சு" என்று அந்தப் பையன் குதித்தானே, அதுதான் எனக்குக் கிடைத்த பட்டம்.

பிறகு பாலம். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் தூக்கிக்கொள்ளும் வகையில் இருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீள நடுப்பகுதி அப்படியே நேராக மேலே எழும்புகிறது. அட்டை, நூல், கூழாங்கல் கொண்டு இரண்டையும் செய்தார்கள். எதிர்ப்பக்கம் கல் கனம் குறைந்தால் பாலம் அசையாது. "கிணத்துத் துலா மாதிரி சார்" என்றது ஒரு பெண். நான் கல்லூரியில் படித்ததை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள்.

ராமேஸ்வரம் கோயிலின் மூன்றாம் பிரகாரத்தில் 1212 தூண்கள். ஒரு கோடியில் நின்று வரையச் சொன்னேன். தூரத்துத் தூண் சின்னதாகத் தெரிந்தது. கயிறு பிடித்து அளந்தால் அதே அளவு! கருங்கல்லே இல்லாத இந்தத் தீவுக்கு, பாலமும் இல்லாத காலத்தில், இத்தனை கல் எப்படி வந்தது என்று அவர்களே கேட்டார்கள். கேள்வி பிறந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

1937இல் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைவழியே அறிவு என்றுதான் சொன்னது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில், 1996இல் திறந்த தட்சிணசித்ராவில், பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து கட்டி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அங்கே போய்க் கைவேலை பழகுகிறார்கள். நமக்குப் பெயர்த்துக்கொண்டு வரும் வேலையே இல்லை. எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆனால் ஓலை வேயத் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்கள் கை ஓய்ந்துவிட்டால் அந்தப் பாடத்துக்குப் புத்தகம் கிடையாது.

நண்பர்களே, நன்கொடை கேட்டு வரவில்லை. மாதம் ஒரு சனிக்கிழமை, ஓர் அளவு நாடா, இவ்வளவு போதும். மாணவத் தம்பிமார்களே, நீங்கள் கூட வாருங்கள். அடுத்த கூடுகைக்குள் நம் ஊர்ப் பிள்ளை ஒன்று மலை இல்லாத வீட்டை வரையட்டும்.