செவிச்செல்வம்



இல்லத்தில் அமர்ந்து இசை கேட்பதற்கென்று பல இலட்சம் ரூபாய் விலையுள்ள ஒலிக்கருவிகள் இன்று கிடைக்கின்றன. அவற்றின் தரத்தை எவ்வாறு அறிவது என்பது குறித்துச் சில கருத்துகளைக் கூற விரும்புகிறேன்.

எடிசன் போனோகிராப்பைக் கண்டுபிடித்த ஆண்டு 1877. கௌஹர் ஜான் 1902-இல் கல்கத்தாவில் இசைத்தட்டுக்காகப் பாடினார். அக்காலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஒலிக்கும். விரிவான ஆலாபனைக்கு அதில் இடமில்லை. 1948-இல் நீண்டநேர இசைத்தட்டும், 1958-இல் இரு ஒலிபெருக்கிகளின் வழியே கேட்கும் ஸ்டீரியோ தட்டும் வந்தன. 1982-இல் வெளிவந்த குறுந்தகடு, ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாகப் பதிந்து வைத்தது.

பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டி உருவான நெய்வேலி நகரியத்தில் என் நண்பர் ஒருவர் இத்தகைய உயர்தரக் கருவியை வைத்திருக்கிறார். அதில் அவர் முதலில் எனக்கு ஒலிக்கச் செய்தது கீர்த்தனை அன்று. தம்புராவின் சுருதி மட்டுமே. காரணம் உண்டு. தம்புராவின் தந்திக்கும் குதிரைக்கும் இடையே செருகப்படும் சிறு நூல், அடிப்படைச் சுரத்தோடு பல மேற்சுரங்களையும் எழுப்புகிறது. எளிய கருவியில் இவையனைத்தும் கலந்து வெறும் ரீங்காரமாகிவிடும். இங்கோ ஒவ்வொரு மீட்டும் தனித்தனியே மலர்ந்து, அடங்கி, அடுத்ததற்கு வழிவிட்டது. பின்னர் மிருதங்கம். தொப்பியின் ஆழ்ந்த ஒலி பெட்டிக்குள் உருளும் இடியாக மாறாமல், தோலின் ஒலியாகவே கேட்டது. பாடகரின் குரலோ, பெட்டி எதுவும் இல்லாத நடுவிடத்திலிருந்து எழுந்தது! இரு பெட்டிகளும் ஒரே ஒலியைச் சம அளவில், ஒரே நேரத்தில் இரு செவிகளுக்கும் சேர்ப்பதால் விளையும் தோற்றம் இது.

அடுத்து நண்பர் தரையில் விரித்திருந்த கம்பளத்தைச் சுருட்டினார், திரைச்சீலைகளை ஒதுக்கினார். அதே கருவி, அதே பாட்டு. ஆனால் சொற்கள் குழம்பின. சிமெண்டுத் தரையும் வெற்றுச் சுவரும் ஒலியைத் திருப்பி எறிந்ததே காரணம். பெருந்தொகை செலவிடுமுன் அறையைச் சீர்செய்தல் நலம் என்பது இதனால் விளங்கும்.

இறுதியில் 15,000 ஹெர்ட்ஸ் அதிர்வுள்ள சோதனை ஒலி ஒன்றை எழுப்பினார். நான் அமைதியையே கேட்டேன். அவருடைய பெயர்த்தி, “கூசுகிறது தாத்தா, நிறுத்துங்கள்!” என்று காதைப் பொத்திக்கொண்டாள். இளஞ்செவி 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கவல்லது. முதுமையில் அதன் மேல் எல்லை சுருங்குதல் இயற்கை.

ஆனால் இளமையிலேயே அது சுருங்குவதற்குப் பேரொலி காரணமாகிறது. உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர் அணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இரைச்சல் மிக்க பொறிகளின் அருகே பணிபுரிவோர் செவிக்காப்பு அணிவது இதனாலேயே. காதில் செருகும் ஒலிக்கருவியைப் பயன்படுத்தும் நீங்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். 80 டெசிபெல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வகுத்த வரம்பு. 90 டெசிபெலாயின் 4 மணி நேரமே! சிறுவர்களுக்கு வரம்பு இன்னும் குறைவு.

ஆகவே, கருவியைத் தேர்ந்தெடுக்க விரும்புவோர், ஒலிபெருக்கி இல்லாத சிறு கச்சேரி ஒன்றை முன்வரிசையில் அமர்ந்து கேளுங்கள். தம்புராவின் உண்மை ஒலியை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். எந்தக் கருவி அதற்கு அருகில் வருகிறதோ அதுவே நல்ல கருவி. ஒலியளவை மிதமாக வைத்துக் கேளுங்கள்; என் வயதிலும் இசையின் நுட்பங்களை நீங்கள் நன்கு கேட்டு மகிழவேண்டும் என்பதே என் விருப்பம்.